வயிற்றில் ஏறாத பெட்டி

விமானத்துக்கு ஒரு வயிறு உண்டு என்பது மேலே உட்கார்ந்து போகிறவர்களுக்குத் தெரியாது. மூட்டை ஏற்றுகிறவர்களுக்குத் தெரிந்ததே அந்த வயிறு ஒன்றுதான். நிமிர்ந்து நிற்க வழியில்லாத தகரப் பொந்து. உள்ளே ஒருவன் மண்டியிட்டபடியே பெல்ட்டில் ஏறிவரும் பெட்டிகளை வாங்கித் தள்ளி, அடுக்கி, கடைசியில் வலையை இழுத்துக் கட்டிவிட்டு, புழு மாதிரி நெளிந்து வெளியே வரவேண்டும். வெயில் காலத்தில் உள்ளே போகிறவன் வெந்துதான் வருவான். வருஷக்கணக்காக அப்படி மண்டியிட்டே பிழைத்தவனுக்கு முட்டி என்று பேர் விழுந்ததில் ஆச்சரியமில்லை. பழைய டயரை வெட்டி அவனே தைத்துக்கொண்ட முட்டிக்கவசம் இரண்டும் காலோடு பிறந்தவை போல ஒட்டிக்கொண்டிருக்கும்.

"கல்யாணத்தன்னிக்கும் இதக் கழட்டலையாமே, உன் பொண்டாட்டி சொல்லிச்சு" என்பான் ரேடியோ. அவன் கீழே நின்று டிராலியிலிருந்து பெட்டிகளை எடுத்து பெல்ட்டில் வைக்கிறவன். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

அன்றைக்கு மதிய விமானம். பெட்டிகள் எல்லாம் ஏறிவிட்டன. ஒன்றுதான் பாக்கி. அது பெல்ட்டில் வராது.

துப்பாக்கி வந்தால் முறையே வேறு. சொந்தக்காரன் கவுண்டரில் லைசென்ஸைக் காட்டி, போலீஸ்காரர் முன்னால் துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டி, தோட்டாவைத் தனியாகக் கட்டி, பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு மேலே போய் உட்கார்ந்துவிடுவான். பெட்டி கைமாறிக் கைமாறி விமானத்தடிக்கு வரும். எல்லாவற்றுக்கும் கடைசியாக ஏறும், இறங்கும்போது முதலில் இறங்கும். வயிற்றுக்குள் இருக்கிறவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எல்லார் காதிலும் விழும்படி "வாங்கியாச்சு" என்று கத்த வேண்டும். அவன் கத்தினால்தான் மேஸ்திரி கதவை மூடச் சொல்லுவார். கத்தாதவரைக்கும் விமானம் நகராது. யார் வைத்த வழக்கமோ, அந்தக் கூட்டத்தில் அது சட்டம் மாதிரி.

மேஸ்திரி நீளமான கறுப்புப் பெட்டியைக் கதவுப்பக்கம் நீட்டினார். "பிடிடா முட்டி. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்."

முட்டி கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது.

பெட்டியின் ஒரு கொக்கி மற்றதைப் போல இல்லை. லாரி மட்கார்டிலிருந்து வெட்டிய தகரத் துண்டு, மூன்று ரிவெட், அதில் நடு ரிவெட் கொஞ்சம் கோணல். அந்தக் கோணல் அவன் அடித்தது. போன வருஷம் தங்கச்சி மாப்பிள்ளை வீட்டு வாசலில் உட்கார்ந்து, "கொக்கி உடைஞ்சிருச்சு மச்சான், நீங்கதான் கைக்காரராச்சே" என்று மாப்பிள்ளை கேட்டதற்காக அடித்துக் கொடுத்தது. பெட்டியில் கட்டியிருந்த சீட்டில் பேரையும் பார்த்தான். சந்தேகமே இல்லை. எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்தபோது அவனுக்கு வியர்வை நின்று போனது.

தங்கச்சி அந்த ஊரில்தான் இருக்கிறாள்.

மாப்பிள்ளை வங்கிக் காவலாளி. சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத்தான் அந்த வேலை. தெருவில் பார்த்தால் எறும்பை மிதிக்காமல் நடக்கிற ஆள். வீட்டுக்குள் வேறு ஆள். அடித்து முடித்த பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, துப்பாக்கியை மடியில் கிடத்தி, எண்ணெய் போட்டுத் துடைப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அவள் சுவரோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் ஒருநாள் அவள் செருப்புகூட இல்லாமல் அம்மா வீட்டுக்கு ஓடிவந்து, அங்கிருந்து தூர ஊரில் ஒரு தையல் ஃபேக்டரியில் சேர்ந்தாள். வேலை செய்கிற பெண்கள் தங்கும் விடுதி, புது ஃபோன் நம்பர். அது அம்மாவிடம் மட்டும் இருந்தது.

போன வாரம் மாப்பிள்ளை ஒரு கூடைப் பழத்தோடு வந்து அம்மா காலைப் பிடித்து அழுதிருக்கிறான். அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. ஊரையும் ஃபேக்டரி பேரையும் சொல்லிவிட்டாள். பிறகு முட்டியிடம், "அவகிட்டச் சொல்லிடாதடா, பயந்துருவா. என்னையும் திட்டுவா" என்று அழுதாள். அவனும் சொல்லவில்லை. மாப்பிள்ளை அழுதது நிஜமாகவே இருக்கலாம் என்றுகூட நினைத்தான்.

"என்னடா, பெட்டியப் பார்த்து ஜோசியம் சொல்றியா? பிடி!" என்றார் மேஸ்திரி.

"பிடிக்க மாட்டேன்."

"என்னது?"

முட்டி நெளிந்து வெளியே வந்து பெல்ட்டின் மேல் உட்கார்ந்தான். "இது என் தங்கச்சி புருஷனோடது. அவ இருக்கிற ஊருக்குப் போறான். இத நான் வாங்கமாட்டேன் மேஸ்திரி."

மேஸ்திரிக்குக் குடும்பக் கதை தெரியும். அவர் பெட்டியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேலே விமானி உட்கார்ந்திருக்கும் கண்ணாடியைப் பார்த்தார். "பேப்பரெல்லாம் சரியா இருக்குடா. போலீஸ் பார்த்து அனுப்பினது. நீயும் நானும் கூலிக்காரங்க. ஏத்து இறக்கு, அவ்வளவுதான் நம்ம வேலை."

"ஏத்துறது நான்தானே?"

"வேலை போயிரும்."

"போகட்டும்."

"போகட்டும்னு இப்பச் சொல்லுவ. நாளைக்கு என் வீட்டு வாசல்ல வந்து நிப்ப." மேஸ்திரி திரும்பினார். "ரேடியோ, நீ உள்ள போ."

ரேடியோ முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றான். பிறகு இடுப்பில் கை வைத்தான். "முதுகு பிடிச்சிக்கிச்சு மேஸ்திரி."

"இப்ப டிராலிய இழுத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"இழுத்ததாலதான் பிடிச்சுது."

டிராக்டர் ஓட்டுகிறவனைப் பார்த்தார். அவன் தன் கண்ணைக் காட்டி, உள்ளே இருட்டாக இருக்கும், தனக்கு மாலைக்கண் என்றான். மணி மதியம் ஒன்று. இன்னொருவன் எதுவும் சொல்லாமல் விமானத்தின் அந்தப் பக்கம் நடந்து போய்விட்டான்.

"ஆஸ்பத்திரி வெச்சு நடத்துறேன்டா நான்!" என்று மேஸ்திரி கத்திவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தார்.

டியூட்டி மேடம் வந்தாள். முப்பது வயசு இருக்கும், வெயிலுக்குத் தலையில் ஒரு ஃபைலைப் பிடித்திருந்தாள். அந்த வேளையில் புறப்படும் விமானமெல்லாம் அவள் பொறுப்பு. ஒரு விமானம் தாமதமானால் மேலே இருக்கிறவன் முதலில் இவளைத்தான் கடிப்பான்.

"யார் ஏத்தமாட்டேன்னு சொன்னது?"

"நான்தான் மேடம்." முட்டி எழுந்து நின்று சொன்னான். தங்கச்சி ஓடிவந்த கதையை, மடியில் துப்பாக்கி துடைக்கிற கதையை, பழக்கூடையை, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினான்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "கம்ப்ளெய்ன்ட் எதாவது குடுத்தீங்களா?"

"இல்ல."

"கோர்ட்டு? வக்கீல்?"

"வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு விட்டுட்டோம் மேடம்."

"அப்போ என் கையில என்ன இருக்கு? அவர் லைசென்ஸ் வெச்சிருக்கார். முறையாச் சொல்லிக் குடுத்திருக்கார். ஒளிச்சுக் கொண்டுவரலை." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "நீங்க சொல்றத நான் நம்பறேன்னே வெச்சுக்குங்க. நம்பி என்ன பண்ண?"

"இந்தப் பெட்டிய மட்டும் நிறுத்துங்க."

விமானி இரண்டு தடவை கேட்டுவிட்டார். துப்பாக்கி இருக்கிறது என்று அவருக்குச் சொல்லியாகிவிட்டது, வயிற்றில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அவர் நகரமாட்டார். கடைசியில் இருந்தது ஒரே வழி. துப்பாக்கிப் பெட்டியில் தகராறு என்றால் சொந்தக்காரனைக் கீழே கூப்பிட்டு, பெட்டியை முன்னால் வைத்துப் பேசவேண்டும். டியூட்டி மேடம் வாக்கி டாக்கியில் சொன்னாள்.

மாப்பிள்ளை படியில் இறங்கி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய முடி. அவன் பின்னால் விமான நிலையத்துப் போலீஸ்காரர். முட்டியைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு கணம் எதுவுமே இல்லை. பிறகு சிரிப்பு வந்தது.

"என்ன மச்சான், இந்த வெயில்ல நிக்கிறீங்க? உங்க வேலை இங்கதான்னு தெரியும். இந்த விமானம்னு தெரியாமப் போச்சே."

"எதுக்கு அந்த ஊருக்குப் போற?"

"போறீங்கன்னு சொல்லுங்க மச்சான், நாலு பேர் இருக்காங்க." அவன் டியூட்டி மேடத்தின் பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தினான். "குடும்ப விஷயம் மேடம். என் வீட்ல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. தப்பு என் பக்கமும் இருக்கும். இவர் அண்ணன், இவருக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும்? நான் போறது வேலைக்கு. அங்க புது கிளை திறந்திருக்காங்க. நாளைக்குக் காலைல சேரணும்." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். மேடம் படித்துப் பார்த்தாள். வேலை உத்தரவுதான். பொய் இல்லை.

"கேட்டுதானே அங்க மாத்திக்கிட்ட? அவ இருக்கிற ஊருன்னு தெரிஞ்சுதானே?"

"பொண்டாட்டி இருக்கிற ஊருக்கு மாத்தல் கேக்கிறது குத்தமா மச்சான்?"

போலீஸ்காரர் லேசாகச் சிரித்துவிட்டார். பேச்சில் மாப்பிள்ளையை ஜெயிக்க இந்தக் குடும்பத்தில் யாராலும் முடிந்ததில்லை. தங்கச்சியின் காயத்தைக் காட்டிக் கேட்கப் போனவர்களெல்லாம் அவனோடு உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

"நான் வாங்கமாட்டேன்" என்றான் முட்டி. "என்னைத் தள்ளிட்டு வேற ஆளு ஏத்தட்டும். நான் இந்தக் கதவுல குறுக்க படுப்பேன்."

படுப்பான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. போலீஸ்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்: "சார், விமானத்த இதுக்கு மேல நிறுத்த முடியாது. ரெண்டே வழிதான். பெட்டியோட நீங்க இறங்கிடுங்க, அடுத்த விமானத்துல நானே ஏத்தி அனுப்பறேன். உங்க வேலைக்கு நேரத்துல போய்ச் சேந்துருவீங்க. இல்ல, பெட்டி இங்க காவலறையில பூட்டி இருக்கட்டும், நீங்க இதுல போங்க. பின்னாடி வந்து வாங்கிக்கலாம்."

மாப்பிள்ளை பெட்டியைப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் வலது கை விரல்கள் மடங்கி விரிந்தன.

"இருக்கட்டும் மேடம். எதுக்கு வீண் தகராறு? பத்திரமா வெச்சிருங்க." சாவியைக்கூட எடுத்துப் போலீஸ்காரரிடம் கொடுத்தான். போகிறபோது முட்டியின் தோளைத் தட்டினான். "முட்டியப் பார்த்துக்குங்க மச்சான். வயசாகுதில்ல."

சிரித்துக்கொண்டே படியேறினான். மேல் கதவு மூடிக்கொண்டது; பெட்டி ஏறவில்லை என்று விமானிக்குச் சொல்லி, மேஸ்திரி வயிற்றுக் கதவையும் மூடச் சொன்னார்.

ரேடியோ ஓடிவந்து முட்டியின் முதுகில் ஒன்று வைத்தான். "சாதிச்சிட்டடா! பார்த்தீங்களா மேஸ்திரி, ஆளு எப்படிக் கழண்டுட்டான்னு? துப்பாக்கியுமில்ல, ஒரு மண்ணுமில்ல, கையை வீசிட்டுப் போறான்!" டிராக்டர்காரன் மாலைக்கண் குணமாகிக் கைதட்டினான். மேஸ்திரிகூட பீடிக்குத் தவிப்பது போல உதட்டைத் தடவிக்கொண்டு சிரித்தார். முட்டிக்கும் சிரிப்பு வந்தது. பெட்டியைத் தூக்கிப் போலீஸ்காரர் கையில் கொடுத்தான்.

கொடுத்தபோது அதன் கனம் அவன் கையில் ஏறி இறங்கியது. அப்போதுதான் அவனுக்குச் சுரீர் என்றது.

இந்தப் பெட்டியை மாப்பிள்ளை எந்த நாளிலும் கைவிட்டதில்லை. விருந்துக்கு வந்தாலும் சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்வான். கொக்கி அடித்தபோதுகூட கண்ணெடுக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். இது இல்லாமல் போனால் வங்கியில் அவனை வாசற்படிகூட ஏற்றமாட்டார்கள். துப்பாக்கிக்குத்தான் சம்பளம், ஆளுக்கு இல்லை. நாளைக் காலையில் வேலையில் சேரப் போகிறவன் பெட்டியோடு இறங்கித்தானே இருக்க வேண்டும்? அடுத்த விமானம் இருக்கிறதென்று மேடமே சொன்னாளே.

அவன் வேலைக்குப் போகவில்லை.

டிராக்டர் விமானத்தைப் பின்னால் தள்ள ஆரம்பித்துவிட்டது. முட்டி ஓடினான். தளத்தில் ஓடக்கூடாது என்பது முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். விசில் சத்தம் கேட்டது. ஃபோன் எல்லாருடையதும் லாக்கரில். லாக்கர் அறை கட்டடத்துக்கு அந்தப் பக்கம். பாதி வழியில் டியூட்டி மேடம் அவனை மறித்தாள்.

"உங்க பாஸைக் குடுங்க. நான் ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும். எனக்கு வேற வழியில்ல."

அவன் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி அவள் கையில் திணித்தான். "விமானத்த நிறுத்துங்க மேடம். அவன் அவளத்தேடித்தான் போறான். துப்பாக்கிய விட்டுட்டுப் போறான் பாருங்க, அதுலயே தெரியலையா?"

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் அவள் முகம் மாறியது. திரும்பி விமானத்தைப் பார்த்தாள். அது மூக்கைத் திருப்பி ஓடுபாதைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"நான் என்னன்னு சொல்லி நிறுத்தறது?" என்றாள் மெதுவாக. "ஒருத்தர் வெறுங்கையோட போறார். கையையும் இறக்கி வெச்சிட்டுப் போன்னு சொல்ல முடியுமா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் தன் ஃபோனை எடுத்து நீட்டினாள். "தங்கச்சிக்குப் பேசுங்க. எந்திரிங்க, முதல்ல நிழலுக்கு வாங்க."

தங்கச்சி நம்பர் அவனுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போட்டான். அம்மா எடுத்ததும் யார் என்ன என்று இழுத்தாள். "நம்பரச் சொல்லும்மா. அழாத. அழறதுக்கு அப்புறம் நேரமிருக்கு. நம்பரச் சொல்லு" என்று கத்தினான். அவள் சொல்லச் சொல்ல மேடம் எண்களைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள்.

தங்கச்சி எடுத்தபோது பின்னால் நூறு தையல் மிஷின்கள் ஓடுகிற இரைச்சல்.

"அண்ணே? என்னண்ணே இந்த நேரத்துல? அம்மாவுக்கு என்ன?"

சொன்னான். அம்மா ஊரைச் சொன்னதை, தான் மறைத்ததை, இப்போது அவன் வருவதை. "துப்பாக்கிய நிறுத்திட்டேன்மா. அது இங்கதான் இருக்கு. அத அவன் கொண்டுவரலை" என்று கடைசியில் சேர்த்தான். யாருக்கு ஆறுதல் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அண்ணே" என்றாள். "அந்தத் துப்பாக்கியால அவன் என்னை ஒரு தடவைகூட ஒண்ணும் பண்ணலை. சும்மா துடைப்பான், அவ்வளவுதான். பண்ணினதெல்லாம் கையாலதான்."

அவன் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"போன வாரமே சொல்லியிருந்தா நான் வேற இடத்துக்குப் போயிருப்பேனே."

"தப்புதான்மா."

"சரி விடு. இப்ப அது எதுக்கு?" அவள் யாரையோ அக்கா என்று கூப்பிடுவது கேட்டது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பேச்சுக் குரல்கள் எழுந்தன. யாரோ ஒருத்தி, "வரட்டும், கத்திரிக்கோல் இல்லாத பொம்பளை இங்க யாரு?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு தங்கச்சி திரும்ப வந்தாள். "எங்க சூப்பர்வைசர் அக்கா என்னக் கூட்டிக்கிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறாங்க. இந்த நம்பர்லயே இருண்ணே. அவங்க கேட்டா நீ சொல்லணும். அசிங்கம் கிசிங்கம்னு மென்னு முழுங்காத."

"முழுங்க மாட்டேன்."

கட்டடத்து நிழலில் சுவரோரம் காத்திருந்தார்கள். மேடம் போகவில்லை. அவளுடைய வாக்கி டாக்கி யார் யாரையோ கேட்டு அலறிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் குறைத்து வைத்தாள். விமானம் அவர்கள் தலைக்கு மேலேயே ஏறிப் போனது.

ஃபோன் அடித்தது. பெண் குரல், அதட்டிப் பழகிய குரல்.

"நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். அண்ணன் நீங்கதானா? அவர் உங்க முன்னாடி மிரட்டினாரா?"

"இல்ல மேடம்."

"கொல்லுவேன், வெட்டுவேன்னு எதாவது?"

"இல்ல."

"என்னதான் சொன்னார்?"

"என் முட்டியப் பார்த்துக்கச் சொன்னார்."

அங்கே ஒரு பெருமூச்சு. "மிரட்டலை. அடிக்கலை. சிரிச்சிட்டுப் போயிருக்கார். கையில ஆயுதமும் இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. இதுல நான் அவரை எதுக்காகப் பிடிக்கிறது, சொல்லுங்க."

முட்டி டியூட்டி மேடத்தைப் பார்த்தான். அவள் பேசச் சொல்லித் தலையசைத்தாள். பேச்சுக்காரனிடம் தோற்றுத் தோற்றே பழகிய நாக்கு. அதைப் பிடித்து இழுத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"மேடம், உங்ககிட்டயும் துப்பாக்கி இருக்கும். நாளைக்குக் காலைல புது ஊர்ல டியூட்டிக்குச் சேரணும். கொஞ்ச நேரம் இருந்தா துப்பாக்கியோடவே போகலாம்கிறாங்க. நீங்க அத எங்கயோ விட்டுட்டு வெறுங்கையோட முதல் விமானத்துல ஏறுவீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி தரையில் உராய்ந்து நகரும் சத்தம் கேட்டது.

"விமானம் எப்ப இறங்குது?"

அவனுக்கு அது தெரியாது. ஏற்றுகிறவனுக்கு எப்போது இறங்கும் என்று யாரும் சொல்வதில்லை. டியூட்டி மேடம் ஃபோனை அவன் கையிலிருந்து வாங்கினாள். விமான எண்ணைச் சொன்னாள், இறங்கும் நேரத்தைச் சொன்னாள். ஒரு கணம் நிறுத்தி, சுற்றிலும் பார்த்துவிட்டு, பயணிகளைப் பற்றி வெளியில் சொல்லக்கூடாது என்று அவளுக்கு முதல் நாளே சொல்லித் தந்திருந்தும், மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் சீட் நம்பரையும் சொன்னாள்.

முட்டியின் அடையாள அட்டை அவளுடைய இன்னொரு கையிலேயே இருந்தது. அவள் திருப்பித் தரவில்லை. அவனும் கேட்கவில்லை.